பித்தளைத் தகட்டில் பெயர் இருந்தால் வரைந்தவர் அவர்தானா?

கேள்வி இது: குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்துவரும் எண்ணெய் வண்ண உருவப்படம். சட்டகத்தின் கீழ்ப்பக்கத்தில் பித்தளைத் தகடு; அதில் புகழ்பெற்ற பழைய ஐரோப்பிய ஓவியர் ஒருவரின் பெயர். படத்தில் கையெழுத்து இல்லை. பார்த்த இருவரில் ஒருவர் "அவர் வரைந்ததாகக் கருதலாம்" என்கிறார், மற்றவர் "அவருடைய வட்டம்" என்கிறார். ஆய்வகத்தில் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடுமா?

தெரியாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆய்வகம் சொல்லக்கூடியது பெரும்பாலும் ஒரே வகைப் பதில்: இந்த ஆண்டுக்கு முன் இது வரையப்பட்டிருக்க முடியாது, அல்லது அந்தக் காலத்துப் பழக்கத்தோடு இது ஒத்துப்போகவில்லை. "ஆம், இன்னாருடைய கைதான்" என்று எந்தக் கருவியும் சொல்லாது. ஒரே ஊரில், ஒரே ஆண்டில், ஒரே கடையில் சாயம் வாங்கிய குருவும் சீடரும் கருவிக்கு ஒரே ஆள்தான். அந்த இருவரையும் பிரித்துக் காட்ட வேண்டியது கண்ணும் காகிதமும். அவையும் தவறும். அதனால் எதை முதலில் பார்ப்பது, எந்தச் சான்றுக்கு எவ்வளவு எடை என்பது தெரியாமல் ஆய்வகத்துக்குப் போனால் பணம்தான் கரையும்.

முதலில் அந்தத் தகட்டை ஒதுக்கி வையுங்கள். இப்படிப்பட்ட தகடுகள் பெரும்பாலும் 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் உரிமையாளரோ வியாபாரியோ அடித்தவை. அந்த நாளில் அவர் எதை நம்பினார், அல்லது வாங்குபவர் எதை நம்ப வேண்டும் என்று விரும்பினார் என்பதைத்தான் தகடு சொல்கிறது. சட்டகங்கள் படத்துக்குப் படம் மாற்றப்படுபவை. தகடு வேறொரு படத்துக்காக அடிக்கப்பட்டதாகக்கூட இருக்கலாம். அதற்காகக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். பெயர் எழுதப்பட்ட விதம், அதில் எண் இருந்தால் அந்த எண், இரண்டும் பிறகு பழைய விற்பனைப் பட்டியலில் தேடும்போது உதவும்.

அடுத்து, உங்கள் நிபுணர்கள் இருவரும் சண்டையிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்தத் துறையில் சொற்களுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. வெறும் பெயர் மட்டும் போட்டிருந்தால் முழுக்க அவருடையது என்று பொருள். "கருதப்படுவது" என்றால் முழுதாகவோ பகுதியாகவோ அவருடையதாக இருக்கலாம். "பட்டறை" என்றால் அவருடைய கூடத்தில், ஒருவேளை அவர் மேற்பார்வையில் நடந்த வேலை. "வட்டம்" என்றால் அதே காலத்தில் அவர் தாக்கத்தில் வரைந்த, பெயர் தெரியாத ஒருவர். "பின்பற்றியவர்" அவருடைய மாணவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "பாணியில்" என்றால் காலத்தால் பிந்தியது. "பார்த்து வரைந்தது" என்றால் எந்தக் காலத்திலும் எடுக்கப்பட்ட நகல். ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் முன்பக்கத்திலோ கடைசியிலோ இந்த விளக்கம் அச்சாகியிருக்கும். வாங்குபவர் படிக்காமல் புரட்டிவிடும் பக்கம் அது. "கையெழுத்திடப்பட்டது" என்பதற்கும் "கையெழுத்து காணப்படுகிறது" என்பதற்கும்கூட அங்கே பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது சொன்னால் அந்தக் கையெழுத்தை வேறு யாரோ போட்டிருக்கலாம் என்று பொருள்.

உங்கள் இருவரும் இந்தப் படிக்கட்டில் இரண்டு படி தள்ளி நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு படியின் இடைவெளி விலையில் நூறு மடங்காகக்கூட இருக்கலாம் என்பதால் சண்டை போலத் தெரிகிறது.

உருவப்படத்தில் இந்தச் சிக்கல் மற்ற வகை ஓவியங்களைவிட அதிகம். காரணம், அது தனி ஒருவர் உட்கார்ந்து தீட்டிய பொருளாக இருந்ததே குறைவு. அரசர் படம் ஒன்று என்றால் தூதரகங்களுக்கும் உறவினர்களுக்கும் ஊர்மன்றங்களுக்கும் பிரதிகள் போக வேண்டும். ஸ்காட்லாந்து ஓவியர் ஆலன் ராம்சே 1761-62-இல் வரைந்த மூன்றாம் ஜார்ஜின் முடிசூட்டு உருவப்படத்துக்கு அவருடைய பட்டறை ஆண்டுக்கணக்கில் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தது. பிரதி இல்லாத தனிப்படத்திலும் வேலைப் பிரிவினை உண்டு: முகமும் சில வேளை கைகளும் பெயர்பெற்றவருடையவை, துணியும் பின்புலமும் உதவியாளருடையவை. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜோசப் வான் ஆக்கன் என்பவர் ஆடை தீட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்தார். ராம்சேயும் அவருக்குப் போட்டியாக இருந்த தாமஸ் ஹட்சனும் ஒருசேர அவரிடமே கான்வாஸை அனுப்பினார்கள். ஆகவே பட்டின் மினுமினுப்பை வைத்து "இது ராம்சே, இது ஹட்சன்" என்று பிரிக்கப் பார்ப்பவர் உண்மையில் வான் ஆக்கனை வான் ஆக்கனோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும். ரவி வர்மாவின் படங்களிலும் தம்பி ராஜராஜ வர்மாவின் கை உண்டு. "யார் வரைந்தது" என்று கேட்கும்போது "எந்தப் பகுதியை" என்று சேர்த்துக் கேட்பதே உருவப்படத்துக்குச் சரி.

இனி வேலை. படத்தின் முகத்தைப் பார்க்கும் முன் முதுகைப் பாருங்கள். முன்பக்கம் எத்தனையோ முறை துடைக்கப்பட்டு, திருத்தப்பட்டு, வார்னிஷ் ஏறியிருக்கும். பின்பக்கத்தை அவ்வளவாக யாரும் தொடுவதில்லை. அங்கே காகிதச் சீட்டு, மெழுகு முத்திரை, சாக்கட்டி எண், அச்சுத்தகடு வைத்துக் கறுப்பு மையில் அடித்த எண், கான்வாஸ் விற்றவரின் முத்திரை என்று எது இருந்தாலும் தனித்தனியாகப் படமெடுங்கள். மரச்சட்டத்தில் கறுப்பு மையில் அடித்த எண்கள் பல நேரம் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் கையிருப்பு எண்ணாக இருக்கும். எண்ணைக் கொடுத்துக் கேட்டால் எந்த ஏலத்துக்கு வந்தது என்று அவர்களுடைய ஆவணப் பிரிவால் கண்டுபிடிக்க முடியும். விற்றவர் முத்திரையும் அப்படித்தான். சாயமும் கான்வாஸும் விற்ற வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1832-இல் தொடங்கியது; அந்தப் பெயர் உள்ள துணியில் 18-ஆம் நூற்றாண்டுப் படம் இருக்க முடியாது. ஒரு விதிவிலக்கு: பழைய கான்வாஸ் நைந்ததும் அதன் பின்னால் புதுத் துணி ஒட்டும் வழக்கம் உண்டு. முத்திரை அந்த ஒட்டுத்துணியுடையதா, மூலத் துணியுடையதா என்று விளிம்பில் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். இரண்டு துணி அடுக்குகள் ஓரத்தில் தெரியும்.

அப்படி ஒட்டப்பட்டிருந்தால் மூலத் துணியின் முதுகில் இருந்த எழுத்தெல்லாம் உள்ளே போய்விட்டது. அதைப் பார்க்கும் ஆவலில் ஒட்டுத்துணியை உரிக்கச் சொல்லாதீர்கள். கறுப்பு மையாக இருந்தால் அகச்சிவப்பு ஒளியை ஊடுருவவிட்டு எடுக்கும் படத்தில் பல நேரம் படிக்க முடிகிறது.

முள்ளாணிகள், மரச்சட்டம், மூலைகளில் ஆப்பு ஆகியவற்றையும் பாருங்கள். ஆப்பை அடித்து இறுக்கும் சட்டம் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அதற்கு முன் மூலை அசையாத சட்டம். இயந்திரத்தால் அடிக்கும் ஸ்டேப்ளர் கம்பிகள் 20-ஆம் நூற்றாண்டுப் பொருள். ஆனால் இவையெல்லாம் மாற்றப்படக்கூடியவை. புதுச் சட்டம் இருப்பதால் படம் புதிதாகிவிடாது, பழைய சட்டம் இருப்பதால் படம் பழையதாகிவிடாது.

அளவை மில்லிமீட்டரில் எடுங்கள். பிரிட்டிஷ் உருவப்படங்களுக்கு நிலையான அளவுகள் உண்டு: 30×25 அங்குலம் தலையும் தோளும், 36×28 அங்குலம் கையோடு சேர்ந்த மார்பளவு, 50×40 அங்குலம் அரையுருவம். உங்கள் படம் இவற்றில் ஒன்றுக்கு மிக அருகில் இருந்து, ஒரு பக்கம் மட்டும் குறைந்தால் வெட்டப்பட்டிருக்கலாம். அதற்கு இன்னொரு சோதனை: அடிப்பூச்சு பூசும் முன் துணியை இழுத்துக் கட்டும்போது ஆணி விழுந்த இடங்களில் இழைகள் அலைபோல வளைகின்றன, பூச்சு காய்ந்ததும் அந்த வளைவு நிலைத்துவிடும். எக்ஸ்ரேயில் நான்கு ஓரத்திலும் அந்த அலை தெரிந்தால் படம் வெட்டப்படவில்லை என்று ஓரளவு நம்பலாம். எந்த ஓரத்தில் இல்லையோ அங்கே கத்திரி பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பெரிய கான்வாஸை மொத்தமாகப் பூசி வெட்டி விற்றவர்களும் இருந்தார்கள் என்பதால் இதுவும் முழு உறுதி அல்ல. பழைய பட்டியலில் உள்ள அளவோடு உங்கள் அளவு பொருந்தாமல் போகும்போது இந்த விவரம் வழக்கையே மாற்றும்.

பலகையில் வரைந்த படமாக இருந்தால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஓக் பலகையின் விளிம்பில் ஆண்டு வளையங்களின் அகலத்தை அளந்து மரம் எந்த ஆண்டு வரை நின்றிருந்தது என்று சொல்ல முடியும். பால்டிக் பகுதி ஓக் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் பரவலாகப் பயன்பட்டது. அதற்கு நல்ல ஒப்பீட்டு வரிசைகள் உள்ளன. பலகை செய்தவர்கள் வெளிப்புற மென்மரத்தைச் சீவிவிடுவார்கள் என்பதால் கடைசி வளையத்தோடு குறைந்தது 8 ஆண்டு, உலர்த்த 2 ஆண்டு என்று சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். கிடைப்பது "இதற்கு முன் அல்ல" என்ற எல்லை. மேல் எல்லை கிடைக்காது. இத்தாலியில் அதிகம் பயன்பட்ட பாப்லர் மரத்துக்கு இந்த வழி அநேகமாக உதவாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று, இருட்டறையில் பக்கவாட்டிலிருந்து விளக்கைச் சாய்த்துப் பார்ப்பது. தீற்றல்களின் மேடு, துணி மடிந்த தழும்பு, கீழே வேறொரு படம் இருந்தால் அதன் தடித்த விளிம்பு, எல்லாம் நிழலாக எழும். இரண்டாவது, 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்த மங்கலாக ஒளிரும். அதற்கு மேலே பின்னாளில் செய்த திருத்தங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. திருத்தத்தை முடித்துவிட்டு அதன்மேல் ஒளிரும் வார்னிஷைப் பூசினால் எல்லாம் ஒரே சீராகப் பச்சையாகி, ஒன்றும் தொடப்படாத படம் போலக் காட்டும். அளவுக்கு மீறிச் சீரான ஒளிர்வைக் கண்டால் மகிழ வேண்டாம், ஐயப்படுங்கள்.

கையெழுத்து இல்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். இருப்பதைவிட இல்லாதது நல்லது என்றுகூடச் சொல்லலாம். பழைய உருவப்படங்களில் பெரும்பகுதி கையெழுத்து இல்லாதவை, பொய்க் கையெழுத்துகளோ ஏராளம். ஒருவேளை சுத்தம் செய்யும்போது ஏதேனும் எழுத்து வெளிப்பட்டால் உருப்பெருக்கியில் வெடிப்புகளைப் பாருங்கள். எழுத்தின் சாயம் வெடிப்புக்குள் வழிந்திருந்தால், படம் காய்ந்து வெடித்த பிறகு எழுதியது. வெடிப்பு எழுத்தையும் சேர்த்துப் பிளந்திருந்தால் பழையது. 1893-இல் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் படமாகத் தொங்கிய ஒன்றின் கையெழுத்தைக் கலை வரலாற்றாளர் ஹோஃப்ஸ்டெடே டெ க்ரோட் கூர்ந்து பார்த்தபோது அது உண்மையில் நட்சத்திரம் கோத்த வேறொரு கூட்டெழுத்து என்று தெரிந்தது. அதன் சொந்தக்காரர் அதே காலத்துப் பெண் ஓவியர் யூடித் லெய்ஸ்டர். அதுவரை அவருடைய படங்கள் மற்றவர்கள் பெயரில் போய்க்கொண்டிருந்தன. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ள ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் உருவப்படமும் நெடுங்காலம் அரசவை ஓவியர் சான்செஸ் கோயெல்யோ பெயரில் இருந்து, இப்போது பெண் ஓவியர் சோஃபோனிஸ்பா அங்குவிசோலாவுடையது. பெரிய பெயர் பக்கத்திலிருக்கும் சிறிய பெயரை விழுங்கிவிடுவது இந்தத் துறையின் பழைய நோய். தகட்டில் உள்ளவர் இல்லை என்று ஆனால், அந்த ஊரில் அதே காலத்தில் உருவப்படம் வரைந்த மற்றவர்கள் யார் யார் என்று பட்டியல் போடுங்கள். விடை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

சாயச் சோதனைக்கு வருவோம். இதுதான் "இல்லை" சொல்வதில் கெட்டிக்காரச் சோதனை. பிரஷ்யன் நீலம் 1700-களின் முதல் பத்தாண்டில் பெர்லினில் பிறந்தது. கோபால்ட் நீலம் 1802. செயற்கை அல்ட்ராமரின் 1828. குரோம் மஞ்சள் 1810-களில் கடைக்கு வந்தது. துத்தநாக வெள்ளை எண்ணெய்ச் சாயமாக 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். டைட்டானியம் வெள்ளை 1920-ஐ ஒட்டி. தாலோ நீலம் 1930-களின் நடுவில். எதிர்த்திசையில் ஒன்று: ஈய-வெள்ளீய மஞ்சள் 1750-ஐ ஒட்டி வழக்கொழிந்து, மறக்கப்பட்டு, 1941-இல்தான் மறுபடி அடையாளம் காணப்பட்டது. அது உள்ளடுக்கில் கிடைத்தால் 19-ஆம் நூற்றாண்டுப் போலி என்ற ஐயம் பெருமளவு விலகும்.

சாயம் கண்டுபிடிக்கப்பட்டது மட்டும் போதாது, எந்த அடுக்கில் என்பதே கேள்வி. திருத்தத்தில் டைட்டானியம் வெள்ளை இருப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. யாரோ 1950-இல் பழுது பார்த்திருக்கிறார். முகத்தின் தோல்நிறத்து அடியடுக்கில் இருந்தால் கதை முடிந்தது. ஷேக்ஸ்பியருடையதாகச் சொல்லப்பட்ட 'ஃப்ளவர்' உருவப்படத்தில் 1609 என்று ஆண்டே எழுதியிருந்தது. 2005-இல் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகம் சோதித்தபோது குரோம் மஞ்சள் மேல்பூச்சில் அல்லாமல் படத்தின் உள்ளடுக்கிலேயே கலந்திருந்தது. ஆக, 19-ஆம் நூற்றாண்டுப் படம். அதன் கீழே உண்மையிலேயே 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னையும் குழந்தையும் படம் ஒன்று இருந்தது. பலகையை மட்டும் சோதித்திருந்தால் "காலம் பொருந்துகிறது" என்று நற்சான்று கிடைத்திருக்கும்! 2011-இல் ஹால்ஸ் பெயரில் சதபீஸ் ஏல நிறுவனம் வழியாக விற்கப்பட்ட ஓர் ஆண் உருவப்படத்தில் தாலோ நீலமும் டைட்டானியம் வெள்ளையும் கிடைத்ததாக அறிக்கை வந்ததும், 2016-இல் அந்த நிறுவனம் விற்பனையை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதற்கு முன் அந்தப் படத்தை ஏற்றவர்கள் சாமானியர்கள் அல்ல.

எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை படத்தைத் தொடாமல் தனிமங்களைச் சொல்லும். ஈயம், துத்தநாகம், டைட்டானியம், குரோமியம் எல்லாம் தெரியும், ஆனால் எந்த அடுக்கில் என்று பெரும்பாலும் சொல்லாது. அதற்கு ஏற்கெனவே சேதமான ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கை எடுத்துப் பிசினில் பதித்து, குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். துணுக்கு எடுப்பவர் ஓவியப் பாதுகாப்பில் பயின்றவராக இருக்க வேண்டும். வேதியியல் மட்டும் தெரிந்தவரிடம் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

கார்பன் காலக்கணிப்பைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உங்களுக்கு அதனால் பயன் சொற்பம். சுமார் 1650-க்கும் 1950-க்கும் இடையே, கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உதவும் அளவுக்கோடு தட்டையாக நெளிவதால் மூன்று நூற்றாண்டும் ஒன்றுபோலவே காட்டும். 1950-களின் நடுவில் தொடங்கிய அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பிந்திய பொருள் என்றால் மட்டும் பளிச்சென்று தெரியும். 'லா பெல்லா பிரின்சிபெஸ்ஸா' என்ற பெண் உருவத்தை 1998-இல் நியூயார்க்கில் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேலை என்று ஏலம் விட்டார்கள். பிறகு லியனார்டோ டா வின்சியின் பெயர் சூட்டப்பட்டது. அதன் தோல்தாளின் காலம் 1440-1650 என்று வந்தது. அது தாளின் வயது. பழைய தாளைத் தேடி எடுத்து வரைய எவருக்கும் தடையில்லை என்பதால் வழக்கு அப்படியே நிற்கிறது.

அகச்சிவப்புப் படம் கைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வரும். வெள்ளை அடிப்பூச்சின் மேல் கரியால் போட்ட முன்வரைவு அதில் தெரியும். செஞ்சாக்கில் போட்டிருந்தால் தெரியாது. ஓவியர் கழுத்துப்பட்டையை இடம் மாற்றியது, விரலை மடக்கியது போன்ற மனமாற்றங்கள் மூலப் படத்துக்கு அடையாளம் என்பார்கள். கிட்டத்தட்ட உண்மை. ஆனால் தன் படத்துக்குத் தானே பிரதி எடுக்கும் ஓவியரும் மனம் மாற மாட்டார். நகல் எடுக்கும் கற்றுக்குட்டியும் தப்பாகப் போட்டுத் திருத்துவார். கூடுதல் பயன் தருவது வேறொன்று: முன்வரைவின் பழக்கம். 1629-ஐ ஒட்டிய ரெம்பிராண்டின் கழுத்துக் கவசத் தன்னுருவப்படம் ஹேக் நகர மவுரிட்ஸ்ஹவுஸில் ஒன்றும் நியூரம்பெர்கில் ஒன்றும் உண்டு. ஹேக் படம் வழுவழுப்பாக முடிக்கப்பட்டது, தலைமுறைகளாக அதுவே மூலம். 1990-களின் கடைசியில் அகச்சிவப்பில் பார்த்தபோது அதன் அடியில் உருவத்தைக் கோடுகோடாகப் பின்தொடர்ந்த முன்வரைவு இருந்தது. ரெம்பிராண்ட் அப்படி வேலை செய்பவர் அல்லர். இப்போது நியூரம்பெர்க் படம் மூலம், ஹேக் படம் பட்டறை நகல். அழகாக முடிந்திருப்பதே மூலம் என்று நம்பியவர்கள் பாடம் கற்றார்கள்.

அதே ரெம்பிராண்டிடம் கருவி எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. 1640-களிலிருந்து அவருடைய கான்வாஸ்கள் பலவற்றில் அரைத்த குவார்ட்ஸ் மணல் கலந்த அடிப்பூச்சு இருக்கிறது. வேறு பட்டறைகளில் அது காணப்படவில்லை. கிடைத்தால் படம் அவர் கூடத்தில் பிறந்தது என்பதற்கு வலுவான சான்று. அந்தக் கூடத்தில் எந்த மூலையில் யார் உட்கார்ந்திருந்தார் என்று மணல் சொல்லாது.

இப்போது காகிதம். பழைய சொத்துப் பட்டியல், உயில், ஓவியரின் கணக்கு, கூலி ரசீது. இவற்றில் பெயர் கிடைப்பது பாதி வேலை. மறுபாதி, காகிதத்தில் உள்ள படமும் உங்கள் கையில் உள்ள படமும் ஒன்றே என்று காட்டுவது. லண்டன் தேசியக் காட்சியகத்தின் இரண்டாம் ஜூலியஸ் போப் உருவப்படம் நெடுங்காலம் ரஃபேலின் நகல் என்றே கருதப்பட்டது. 1970-ஐ ஒட்டி அதன் இடதுபுறக் கீழ்மூலையில் மேல்பூச்சின் அடியிலிருந்து 118 என்ற எண் வெளிப்பட்டது. அது ரோமின் போர்கேசே பிரபுக் குடும்பத்தின் 1693-ஆம் ஆண்டுப் பட்டியல் எண்ணோடு ஒத்துப்போனது. பச்சைத் திரைக்கு அடியில் வேறொரு பின்புலம் முதலில் வரையப்பட்டிருந்ததும் தெரிந்தது. நகல் எடுப்பவருக்கு அந்த வேலை தேவையில்லை. எண், பட்டியல், மனமாற்றம் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகுதான் தீர்ப்பு மாறியது.

நேர்மாறான வழக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில். ஸ்பெயின் அரசர் நான்காம் ஃபிலிப்பின் உருவப்படம். 1624 டிசம்பர் 4-ஆம் தேதியிட்ட, ஓவியர் வெலாஸ்கெஸ் கையெழுத்துள்ள ரசீதே இருக்கிறது. அப்படியிருந்தும் 1973-இல் பட்டறை வேலை என்று கீழே இறக்கினார்கள், ஏனென்றால் படம் தட்டையாக, உயிரற்றுத் தெரிந்தது. 2010-இல் மங்கிய வார்னிஷையும் பழைய மேல்பூச்சையும் எடுத்த பிறகு மறுபடி வெலாஸ்கெஸுக்கே கொடுத்தார்கள். சேதத்தை ஓவியரின் திறமைக்குறைவாகப் படித்துவிட்டார்கள். இந்தப் பிழை மிகச் சாதாரணம். அதிகமாகத் தேய்த்துக் கழுவினால் கன்னத்து நிழலின் மெல்லிய மேல்படலம் போய் முகம் மரப்பொம்மையாகும். சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டுத்துணி போட்டால் தீற்றல் மேடுகள் நசுங்கும். சிவப்புச் சாயம் வெளிறினால் உதடு நீலம் பாரிக்கும். "தரம் போதவில்லை" என்று யாராவது சொன்னால், எந்தப் பகுதியில், அந்தப் பகுதியின் நிலை என்ன என்று கேளுங்கள். சேதமில்லாத ஓர் அங்குலத்தை வைத்துத்தான் தரத்தைப் பேச வேண்டும்.

கண்ணால் ஒப்பிடும்போது ஒட்டுமொத்தச் சாயலைப் பார்க்காதீர்கள். சாயல்தான் நகலெடுப்பவர் முதலில் பிடிப்பது. கவனமில்லாமல் கை தானாகச் செய்யும் இடங்களைப் பாருங்கள்: காதின் உள்மடிப்பு, நகம், கண்ணின் உள்மூலை, முடி பின்புலத்தைத் தொடும் விளிம்பு. 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலை விமர்சகர் ஜொவான்னி மொரெல்லி காதையும் விரலையும் பிடித்துக்கொண்டது இதனால்தான். அதோடு வேலையின் வரிசையையும் பாருங்கள்: உருவத்துக்கு இடம் விட்டுப் பின்புலம் தீட்டினாரா, பின்புலத்தின் மேலேயே உருவமா, வெள்ளைச் சரிகை கறுப்பின் மேலா, கறுப்பு வெள்ளையின் மேலா? இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறும். ஒப்பிடும் படங்கள் ஐயத்துக்கு இடமில்லாதவையாக, அதே பத்தாண்டைச் சேர்ந்தவையாக, ஒரே அளவுக்கு அச்சிடப்பட்டவையாக இருக்க வேண்டும். ஐயமான படத்தோடு ஐயமான படத்தை ஒப்பிட்டால் குருடர் குருடருக்கு வழிகாட்டிய கதைதான்.

படத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வியைத் தனியாக வையுங்கள். ஓவியர் பெயரைப் போலவே அந்தப் பெயரும் காலத்தில் மேலே மேலே ஏறும். பணக்கார வணிகர் இரண்டு தலைமுறையில் பிரபுவாகிவிடுவார். மூலையில் உள்ள குலச்சின்னமும் "வயது 34" என்ற வாசகமும் பின்னாளில் சேர்த்தவையா என்று கையெழுத்துக்குச் சொன்ன அதே வெடிப்புச் சோதனையைச் செய்யுங்கள். ஆடையை வைத்து ஒரு பத்தாண்டுக்குள் காலத்தைக் குறுக்க முடியும். கழுத்துப்பட்டை, தலைமுடி, கைமணிக்கட்டுச் சரிகை மூன்றும் ஒரே பத்தாண்டைக் காட்ட வேண்டும். முதியவர்கள் இளமைக்காலத்து நாகரிகத்தையே உடுத்துவதும் உண்டு, எனவே ஆடை முந்தையதாக இருக்கலாம், பிந்தையதாக இருக்க முடியாது. சில நேரம் உடம்பே தேதி சொல்லும்: ஜூலியஸ் போப் தாடி வைத்திருந்தது 1511-இலிருந்து 1512 மார்ச் வரை மட்டுமே, அந்த உருவப்படத்தின் காலம் அதனால் உறுதியானது.

இத்தனைக்குப் பிறகும் நிபுணர்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டம் 1968-இல் தொடங்கியபோது ஏற்றவை, தீர்மானிக்க இயலாதவை, மறுத்தவை என்று மூன்று பிரிவு வைத்தது. நடுப்பிரிவில் மிகக் குறைவாகவே போட்டது, மறுத்தவற்றில் பலவற்றைப் பிறகு திட்டத்தின் தலைவர் வான் டெ வேட்டரிங்கே திரும்ப ஏற்றார். வாஷிங்டன் தேசியக் காட்சியகம் 2022-இல் 'புல்லாங்குழலோடு பெண்' வெர்மீர் வேலை அல்ல என்று அறிவித்தது. சில மாதங்களில் ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் அதே படத்தை வெர்மீர் என்றே காட்சிக்கு வைத்தது. இருவரிடமும் இருந்த ஆய்வு விவரங்கள் ஏறத்தாழ ஒன்றே.

உங்கள் படத்துக்கு நான் சொல்லும் வரிசை: முன், பின், நான்கு ஓரம், சாய்ந்த ஒளி, புற ஊதா என நல்ல புகைப்படங்கள், பிறகு ஹேக்கில் உள்ள கலை வரலாற்று ஆவண மையமான ஆர்.கே.டி., லண்டன் கோர்ட்டால்ட் கலைக் கல்வி நிறுவனத்தின் விட் நூலகம், நியூயார்க்கின் ஃபிரிக் நூலகம், பிரிட்டிஷ் உருவம் என்றால் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் ஹைன்ஸ் ஆவணகம் ஆகியவற்றின் படத்தொகுப்புகளில் இதே அமைப்புள்ள வேறு பிரதிகள் உண்டா என்ற தேடல். பழைய விற்பனைகளுக்கு கெட்டி நிறுவனத்தின் உரிமை வரலாற்று அட்டவணை. அமைப்பு ஒன்று நாலு இடத்தில் கிடைத்தால் உங்களுடையது பிரதியாக இருக்க வாய்ப்பு கூடுகிறது, அதையும் அப்போதே தெரிந்துகொள்வது நல்லது. அதன்பின் அந்த ஓவியரின் முழுப் பட்டியலைத் தொகுப்பவருக்குக் கடிதம். "இது அவருடையதா?" என்று கேட்காதீர்கள், "இந்தப் படம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா, எந்தப் படத்தோடு ஒப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள், பதில் வரும். அவருக்கு ஐயம் பிறந்து, அது அடுக்கையோ முன்வரைவையோ பற்றியதாக இருந்தால் அப்போது எக்ஸ்ரே, அகச்சிவப்பு, கடைசியாகத் துணுக்கு. கேள்வி இல்லாமல் சோதனைக்குக் கொடுத்தால் முப்பது பக்க அறிக்கை வரும், பயன் இராது.

அதுவரை யாரும் படத்தைக் கழுவக் கூடாது. ஈரப்பஞ்சு, உருளைக்கிழங்கு, ரொட்டி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். விற்பவரிடம் பங்கு வாங்கும் ஒருவர் தரும் சான்றிதழுக்கும் எடை இல்லை. இத்தாலிய ஓவிய நிபுணர் பெரென்சன் போன்ற மேதையே 1912-இலிருந்து வியாபாரி டுவீனோடு ரகசிய ஒப்பந்தத்தில் இருந்தவர். பழைய புகைப்படத்தின் முதுகில் யாராவது எழுதிக் கொடுத்த நற்சான்று உங்களிடம் இருந்தால் அதைப் படத்தின் வரலாற்றுக் கோப்பில் வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள்.

காப்பீட்டுக்கோ வீட்டுப் பட்டியலுக்கோ இப்போது எழுத வேண்டுமானால் இப்படி எழுதலாம்: "ஓவியர் பெயர் உறுதியில்லை, மரபாக இன்னாருடையது எனப்பட்டது, துணியில் எண்ணெய் வண்ணம், அளவு இத்தனை மி.மீ.; பின்பக்கம் இன்ன எண்கள்; இன்ன தேதியில் இருவர் கருத்து, ஒருவர் 'கருதப்படுவது', ஒருவர் 'வட்டம்'." தேதியைக் கட்டாயம் போடுங்கள், முப்பது ஆண்டு கழித்து இந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அந்தக் கருத்து எப்போது, எந்த நிலையில் இருந்த படத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று தெரிய வேண்டும்.